மறுமொழி: ‘இரைநிலம்’ வேண்டாம், ‘மேய்புனம்’ எப்படி?

குழுவினருக்கு வணக்கம். ஆங்கிலத்தின் ‘food plot’, ‘liming’ இரண்டுக்கும் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில் வந்த யோசனை இது:

> காட்டு மான்களுக்காக விதைக்கும் துண்டு நிலத்தை ‘இரைநிலம்’ எனலாம். அதில் சுண்ணாம்பு போடுவது ‘சுண்ணாம்பிடல்’.

சுருக்கமாகத்தான் இருக்கிறது ஐயா. ஆனால் தூண்டிலில் குத்துவதும் இரைதான், புலி அடிப்பதும் இரைதான். அமெரிக்காவில் இந்த வேறுபாடு சட்டம் வரை போகிறது. மக்காச்சோளத்தைக் கொட்டி மானை வரவழைத்துச் சுடக்கூடாது என்று சொல்லும் மாநிலங்கள் பல, விதைத்து வளர்த்த பயிரில் மேய வரும் மானைச் சுடுவதற்குத் தடை சொல்வதில்லை. முதலாவதுதான் இரை வைப்பது. இரண்டாவதற்கும் அதே சொல்லை வைத்தால், படிப்பவர் அபராதம் கட்ட வேண்டியிருக்கும்.

‘மேய்ச்சல் நிலம்’ என்று போன வாரம் வந்த யோசனையும் ஒட்டவில்லை. அது தானாகப் புல் முளைத்த இடம், மாடு மேய்வது. இங்கே காட்டுக்கு நடுவே மரம் வெட்டி, உழுது, விதைக்கிறார்கள். தமிழில் அதற்குப் பழைய சொல்லே உண்டு: புனம். கிளியும் மானும் வராமல் காப்பதுதானே தினைப்புனம் என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் அந்தப் புனத்தைக் காத்த வள்ளியே மான் வயிற்றுப் பிள்ளை, தாய்வழிச் சொந்தம் கோபிக்காது. காட்டு வான்கோழிக்கும் இப்படி விதைப்பதால் ‘மான்புனம்’ என்று குறுக்காமல் ‘மேய்புனம்’ என்கிறேன்.

இனிச் சுண்ணாம்பு. எனக்கு உண்மையான தகராறு இங்கேதான். ஜார்ஜியாவில் நண்பர் ஒருவரின் பைன் காட்டுக்குள் அரை ஏக்கர் திருத்தினோம். செம்மண், களித்தன்மை அதிகம். பரிசோதனையில் கார அமில நிலை (pH) 5.2 என்று வந்தது, அதாவது புளிப்பு மண். நாங்கள் விதைக்க நினைத்த கிளோவர் என்ற தீவனப் பயிருக்கு 6-க்கு மேல் வேண்டும். அந்த அளவு புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேரைக் கெடுக்கும், போட்ட மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) பயிருக்குக் கிடைக்காமல் கட்டுண்டுவிடும். ஏக்கருக்கு 2 டன் கணக்கில் ஒரு டன் வாங்கி, பாதியை உழவுக்கு முன்னும் பாதியைப் பின்னும் தூவி, அரையடி ஆழம் வரை கலந்தோம். ஊரிலிருக்கும் தம்பியிடம் ‘மண்ணுக்குச் சுண்ணாம்பு போட்டோம்’ என்றேன். “ஏன், காட்டுக்கு வெள்ளையடிக்கிறீங்களா?” என்றான்.

அவன் கேலியில் நியாயம் இருக்கிறது. நமக்குச் சுண்ணாம்பு என்றால் கல்லையோ கிளிஞ்சலையோ சுட்டு நீற்றியது. வெற்றிலையில் தடவுவது, கையில் பட்டால் பொத்துப்போவது. நாங்கள் தூவியது சுடாத கல்லை அரைத்த மாவு. அது மெதுவாக, மாதக்கணக்கில் வேலை செய்யும். அதனால்தான் செப்டம்பரில் விதைக்க வேனிலிலேயே போட வேண்டியிருக்கிறது. ‘சுண்ணாம்பு’ என்று மட்டும் எழுதினால் யாராவது நீற்றியதை அதே எடைக்குக் கொட்டிவிடுவார்கள். அதன் வீரியம் மூன்றில் ஒரு பங்கு அதிகம்.

‘கால்சியமிடல்’ என்று வைத்தால் அதைவிட மோசம். ஜிப்சத்திலும் கால்சியம் உண்டு, ஆனால் அது புளிப்பை மாற்றாது. அதோடு, தமிழ்நாட்டு விவசாயி ஜிப்சம் போட்டுத் திருத்துவது காரம் மிகுந்த களர் நிலத்தை. அது நேர்எதிர் வியாதி.

ஆகவே பொருளுக்கு ‘சுண்ணாம்புக்கல் மாவு’, செயலுக்கு ‘அமிலம் முறித்தல்’. விஷம் முறிக்கிறோம் அல்லவா, அந்த முறித்தல்தான். டோலமைட் (மெக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் வகை), மரச்சாம்பல் எதைப் போட்டாலும் இந்தச் சொல் பொருந்தும். நீலகிரித் தேயிலைக்காரர்கள் ‘டோலமைட் போடுறது’ என்று சொல்வதையும் அடைப்புக்குறிக்குள் சேர்க்கலாம்.

அப்புறம், விதைப் பட்டியலில் ‘லாப்லாப்’ என்று ஒலிபெயர்த்திருப்பதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அது நம் மொச்சை. அமெரிக்கத் தென் மாநிலங்களில் மான்களுக்கென்றே மூட்டை மூட்டையாக விற்கிறார்கள். பொங்கல் குழம்புக்கு நான் அந்தக் கடையில் ஒருமுறை வாங்கப் போய், விதைநேர்த்தி மருந்து கலந்தது என்று அட்டையில் பார்த்துத் திரும்பினேன்.

‘மேய்புனம்’ பற்றி மறுப்பு இருந்தால் எழுதுங்கள். ‘அமிலம் முறித்தல்’ விஷயத்தில் நான் சுலபமாக விட்டுக்கொடுக்க மாட்டேன்.