டர்பனில் சின்ன பிளாட்டில் வளர்க்க எந்தப் பாம்பு சரிவரும்?

மார்னிங்சைட்_வாசி:

எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்து மார்னிங்சைடில் ஒரு படுக்கையறை பிளாட்டில் நானும் மனைவியும் இருக்கிறோம், வேலைக்காக மதுரையிலிருந்து வந்தவர்கள். சின்ன வயதிலிருந்தே எனக்குப் பாம்பு என்றால் அவ்வளவு பிடிக்கும். ஊரில் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் இருப்பதால் நம்ம ஊர்ப் பாம்பைப் பிடித்து வீட்டில் வைக்க வழியில்லை, ஆசை அப்படியே மனதில் கிடந்தது. இங்கே வந்தபிறகு ஒரு கடையில் கார்ன் ஸ்நேக்கையும் பால் பைத்தான் என்கிற சின்ன மலைப்பாம்பையும் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்ததும் மறுபடி தலைதூக்கிவிட்டது.

பிரச்சினை இடம்தான். ஹாலில் அலமாரிக்குப் பக்கத்தில் மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம் கிடைக்கும், அதற்கு மேல் ஒரு அங்குலம் கிடையாது. விஷம் இருக்கக் கூடாது, ரொம்ப வளரக் கூடாது, முதல்முறை வளர்ப்பவனுக்கு ஒத்துவர வேண்டும். எது வாங்கலாம்? மனைவி சம்மதித்துவிட்டாள், ஆனால் பெட்டியை விட்டு வெளியே வரவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள்.

இன்னொன்று. போன வாரம் மழைக்குப் பிறகு கார் பார்க்கிங்கில் செடித்தொட்டிக்கு அடியில் ஒரு சின்ன கரும்பழுப்புப் பாம்பு கிடந்தது. செக்யூரிட்டி அது ஹவுஸ் ஸ்நேக்தான், ஒன்றும் செய்யாது என்றார். அந்த மாதிரி கிடைப்பதையே எடுத்து வளர்க்கலாமா?

சாட்ஸ்வொர்த்_அண்ணன்:

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். தொடாதீர்கள். மழைக்குப் பிறகு, செடித்தொட்டிக்கு அடியில், சின்னதாக, கரும்பழுப்பில் என்று நீங்கள் சொல்வதைப் படித்ததும் எனக்கு ஸ்டிலெட்டோ ஸ்நேக்தான் நினைவுக்கு வந்தது. நம்ம குவாசுலு நட்டால் மாகாணத்தில் அது சர்வசாதாரணம். மண்ணுக்குள் இருக்கும், கோடை மழை பெய்த ராத்திரிகளில் வெளியே வரும். கண் குண்டூசித் தலை அளவுதான் இருக்கும், கழுத்தே தெரியாது, வால் நுனி முள் மாதிரி முடியும். மற்ற பாம்பைப் போலத் தலைக்குப் பின்னால் பிடித்தாலும் பிரயோஜனமில்லை, வாயைத் திறக்காமலே பக்கவாட்டில் பல்லை நீட்டிக் குத்திவிடும். இதற்கு விஷமுறிவு மருந்து கிடையாது. உயிர் போவது அரிது, ஆனால் கடிபட்ட இடத்துச் சதை அழுகி விரலை எடுக்க வேண்டியதாகிவிடும். ஹவுஸ் ஸ்நேக் என்று நினைத்து இதைக் கையில் எடுத்துக் கடி வாங்கியவர்கள் நிறைய பேர்.

உண்மையான பிரவுன் ஹவுஸ் ஸ்நேக்குக்கு முகத்தில் அடையாளம் உண்டு. மூக்கிலிருந்து கண்ணைத் தொட்டுக்கொண்டு தலையின் பின்பக்கம் வரை ஒரு வெளிறிய கோடு, கண்ணுக்குக் கீழிருந்து வாயோரத்துக்கு இன்னொரு கோடு, பூனைக்கு இருப்பதுபோல் நெட்டுக்குத்தான கண்மணி. ஆனால் இதைச் சரிபார்க்க நீங்கள் எவ்வளவு பக்கத்தில் போக வேண்டும் என்று யோசியுங்கள். ஆப்பிரிக்கன் ஸ்நேக்பைட் இன்ஸ்டிட்யூட்டின் இலவச ஆப்பைப் போனில் போட்டுக்கொண்டு தூரத்திலிருந்து படம் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள், அது போதும்.

சரி, வளர்ப்பதற்கு எது? என் ஓட்டு அதே ஹவுஸ் ஸ்நேக்குக்குத்தான், ஆனால் வளர்ப்பில் பிறந்த ஆணாகப் பார்த்து வாங்குங்கள். ஆண் இரண்டு, இரண்டரை அடியோடு நின்றுவிடும். பெண் மூன்றடியைத் தாண்டும், ஆண் துணையே இல்லாமல் கருவுறாத முட்டைகளை இட்டு உடம்பு இளைத்துப்போவதும் உண்டு. இந்த மண்ணின் பாம்பு என்பதால் டர்பன் தட்பவெப்பம் அதற்குப் புதிதில்லை. சாப்பாட்டில் அடம் பிடிக்கவே பிடிக்காது. வெயில் ஜன்னல் வழியாக மேலே விழும்போது அந்தப் பழுப்புத் தோலில் எண்ணெய் படலம் போல நீலமும் ஊதாவும் ஓடும், அதைப் பார்த்தவர்கள் கலர் கலரான கார்ன் ஸ்நேக்கைத் தேடிப் போக மாட்டார்கள்.

ஜோபர்க்_அக்கா:

அண்ணன் சொன்னதில் ஸ்டிலெட்டோ பற்றியது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் முதல் பாம்பு என்றால் நான் கார்ன் ஸ்நேக் பக்கம்தான். ஹவுஸ் ஸ்நேக் குட்டி படபடப்பானது, கையில் எடுத்தால் விரல் இடுக்கில் நழுவிப் பாயும், கையில் எலி வாசனை இருந்தால் யோசிக்காமல் கவ்வும். விஷமில்லை, கீறல்தான், ஆனாலும் புதிதாக வளர்ப்பவர் அந்தப் பயத்திலேயே பெட்டியைத் திறப்பதை விட்டுவிடுவார். கார்ன் ஸ்நேக் கையில் நிதானமாக ஊரும். ஒரே சங்கடம், அது மூன்றிலிருந்து ஐந்தடி வரை வளரும், பதினைந்து இருபது வருஷம் இருக்கும். பாம்பு உடம்பை நீட்டிப் படுக்க முடிகிற நீளம் பெட்டிக்கு வேண்டும் என்பது என் கட்சி, அப்படிப் பார்த்தால் நாலடிக்குக் குறையக் கூடாது. அலமாரியை வேறு சுவருக்கு நகர்த்த முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் அண்ணன் சொன்னபடி ஆண் ஹவுஸ் ஸ்நேக் வாங்குங்கள், நாலடிப் பாம்பை மூன்றடிப் பெட்டியில் மடக்கி வைக்காதீர்கள்.

பால் பைத்தான் வேண்டாம். நீளம் கார்ன் ஸ்நேக் அளவுதான், ஆனால் உடம்பு பருமன், அப்புறம் திடீரென்று மாதக்கணக்கில் சாப்பாட்டைத் தொடாது. பழகியவர்களுக்கு அது சாதாரணம், புதிதாக வளர்ப்பவருக்குத் தூக்கம் போய்விடும்.

இடத்தை விட முக்கியம் சூடு. ஹீட் மேட்டைப் பெட்டியின் அடியில் மூன்றில் ஒரு பங்கு தரைக்கு மட்டும் வையுங்கள், சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட் இல்லாமல் பிளக்கில் செருகவே கூடாது. அடிவயிறு வெந்தாலும் அந்த இடத்தை விட்டு நகராமல் பாம்பு படுத்தே இருக்கும். ஒரு பக்கம் 29, 30 டிகிரி, மறுபக்கம் 23, 24, இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள ஒவ்வொரு மறைவிடம். லோட்ஷெட்டிங் என்கிற மின்வெட்டு வந்தால் பயப்பட வேண்டாம், பெட்டியைக் கம்பளியால் மூடினால் சில மணி நேரம் தாங்கும். ஆனால் அன்றைக்கு இரை போடாதீர்கள். உடம்பில் சூடு இல்லாவிட்டால் செரிக்காமல் வாந்தி எடுத்துவிடும்.

டொங்காட்_ரயில்:

பாம்பைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டீர்கள், காகிதத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஹவுஸ் ஸ்நேக் உள்நாட்டு இனம், வாங்கும் முன் மாகாண வனவிலங்கு அமைப்பான எசெம்வேலோவின் அலுவலகத்தில் பெர்மிட் பற்றிக் கேட்டுவிடுங்கள். விதி மாகாணத்துக்கு மாகாணம் மாறும், ஜோபர்கில் ஒருவர் செய்வதை வைத்து இங்கே செய்யக் கூடாது. விற்பவரிடம் பெர்மிட் நகல் கேளுங்கள், தயங்குகிறார் என்றால் காட்டில் பிடித்ததாக இருக்கலாம், திரும்பி வந்துவிடுங்கள்.

அடுத்தது உங்கள் பிளாட். செக்ஷனல் டைட்டில், அதாவது ஒவ்வொரு பிளாட்டுக்கும் தனித்தனி உரிமையாளர் இருக்கிற கட்டடங்களுக்கான பொது நடத்தை விதிகளில் முதலாவதே செல்லப்பிராணி பற்றியதுதான், அதில் ஊர்வன என்று தனியாகவே எழுதியிருக்கிறது. கட்டடத்தை நிர்வகிக்கிற டிரஸ்டிகளின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும், அவர்களும் நியாயமான காரணம் இல்லாமல் மறுக்கக் கூடாது. அதனால் ஒளித்து வைக்காமல் கடிதம் எழுதுங்கள்: விஷமில்லாத இனம், பூட்டுள்ள பெட்டி, சத்தமில்லை, வாசனையில்லை. வாடகை வீடு என்றால் ஓனரிடமும் கேளுங்கள். நான் பாம்பு வளர்க்க ஆரம்பித்தபோது எங்கள் ஆயா, வீட்டில் விளக்கு ஏற்றுகிற இடத்துக்குப் பக்கத்தில் பாம்பா என்று முதலில் ரொம்பக் கவலைப்பட்டார்கள். அது கடிக்காது, கூண்டை விட்டு வராது என்று நேரில் பார்த்த பிறகுதான் சம்மதித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களும் அப்படித்தான், கூப்பிட்டுக் காட்டுங்கள்.

மார்னிங்சைட்_வாசி:

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. பார்க்கிங் பாம்பை யாரும் தொட வேண்டாம் என்று செக்யூரிட்டியிடம் இன்றே சொல்லிவிட்டேன். அலமாரியை நகர்த்த வழியில்லை, அதனால் ஆண் ஹவுஸ் ஸ்நேக் என்று முடிவுக்கு வந்துவிட்டேன். டிரஸ்டிகளுக்கு இந்த வாரமே எழுதுகிறேன். கென்யா மண்ணுளியும் சின்னது என்று ஒரு நண்பர் சொன்னார், அது எப்படி? அப்புறம், ஃப்ரீசரில் எலி வைப்பதற்கு மனைவி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. முட்டை மட்டும் தின்கிற பாம்பு ஒன்று இங்கே உண்டாமே?

சாட்ஸ்வொர்த்_அண்ணன்:

கென்யா மண்ணுளி நல்ல பாம்புதான், ஆண் ஒன்றரை அடியைத் தாண்டாது, இடத்துக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் நாள் முழுக்க மண்ணுக்குள் புதைந்து கிடக்கும், கண்ணும் மூக்கும் மட்டும் தெரியும். பாம்பு நடமாடுவதைப் பார்க்கத்தானே ஆசைப்பட்டீர்கள்? உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். முட்டை தின்னிப் பாம்பு பறவை முட்டையைத் தவிர வேறெதையும் தொடாது. குட்டியின் வாய்க்குக் காடை முட்டையே பெரிது, ஃபிஞ்ச் மாதிரி சின்னப் பறவையின் முட்டை தேடி அலைய வேண்டும், கிடைக்காவிட்டால் பட்டினிதான். புதியவர்களுக்கு அது ஆகாது.

எலிக்கு வழி சுலபம். மூடி இறுகப் பூட்டுகிற தனி டப்பா, அதற்கென்றே ஒரு இடுக்கி, சமையல் பாத்திரம் எதையும் அதற்குப் பயன்படுத்தக் கூடாது. முந்தின ராத்திரி ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டில் வைத்து உருக விட்டு, கொடுப்பதற்கு முன் பையோடு வெந்நீரில் வைத்துச் சூடேற்றுங்கள். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம், உள்ளே வெந்து வெடித்துவிடும். பாம்பின் நடு உடம்புப் பருமனுக்கு மேல் எலி இருக்கக் கூடாது. குட்டிக்கு வாரம் ஒன்று, வளர்ந்தபின் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒன்று. அப்படியென்றால் ஃப்ரீசரில் ஒரு சமயத்தில் ஏழெட்டு எலிதான் இருக்கும், மனைவியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். தின்ற பிறகு இரண்டு நாள் பாம்பைக் கையில் எடுக்காதீர்கள், எடுக்கும் ஒவ்வொரு முறையும் முன்னாலும் பின்னாலும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சால்மொனெல்லா ஒட்டிக்கொள்ளும்.

பாம்பு தப்பிப்பதைப் பற்றி உங்கள் மனைவி கவலைப்படுவது நியாயம்தான். ஹவுஸ் ஸ்நேக் குட்டி பென்சில் நுழைகிற இடுக்கில் நுழைந்துவிடும். சறுக்குக் கண்ணாடிக் கதவு என்றால் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே இருக்கிற இடைவெளியைப் பாருங்கள், அநேகமாக அங்கேதான் ஓட்டை. வயர் போகிற துளையை சிலிக்கானால் அடைத்து நன்றாகக் காயவிட்டு, பெட்டியை ஒரு வாரம் காலியாகவே ஓட்டி சூடு நிலையாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் பாம்பைக் கொண்டுவாருங்கள். வாங்கப் போகும்போது உங்கள் கண் முன்னால் உறைந்த எலியை உருக்கிக் கொடுத்து அது தின்பதைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல வளர்ப்பாளர் யாரும் மறுக்க மாட்டார்.