கூட்டுப் பண்ணையம்: 5 லட்சத்துல என்ன வாங்கலாம்?

செல்வி: கூட்டுப் பண்ணையத்துல சேர்ந்தா வரப்பை வெட்டி நிலத்தை ஒண்ணாக்கிடுவாங்களாமே? 2023ல வந்த நில ஒருங்கிணைப்புச் சட்டம் இதுதானா?

குமார்: இல்லக்கா, பேர்தான் ஒத்துப்போகுது. அது 100 ஹெக்டேருக்குக் குறையாத பெரிய திட்டங்களுக்கான சட்டம், நடுவுல நீர்நிலை வந்தா என்ன செய்யணும்னு சொல்றது. பஞ்சாப்ல 1948 சட்டப்படி துண்டு நிலங்களை மாத்தி ஒரே இடத்துல கொடுத்தாங்களே, அந்த மாதிரி நம்ம மாநிலத்துல கிடையாது. பட்டா, சர்வே கல் எல்லாம் இருக்குற இடத்துலயே இருக்கும்.

முருகேசன்: அப்ப எதுதான்பா கூட்டு?

குமார்: 20 பேர் சேர்ந்தா உழவர் ஆர்வலர் குழு, அஞ்சு குழு சேர்ந்தா 100 பேர், உற்பத்தியாளர் குழு மாமா. 2017-18ல தமிழக அரசு ஆரம்பிச்சப்போ கருவி வாங்க ஒரு உற்பத்தியாளர் குழுவுக்கு 5 லட்சம் கொடுத்தாங்க.

முருகேசன்: ரெண்டு பவர் டில்லர் எடுத்துடலாம், அந்த சின்ன உழவு வண்டி.

செல்வி: கணக்குப் போடுங்க மாமா. ஆளுக்கு ஒரு ஏக்கர்னாலே 100 ஏக்கர். ஒரு டில்லர் நாளைக்கு ஒன்றரை ஏக்கர் சேறடிச்சா பெருசு. ரெண்டு ஓட்டினாலும் 33 நாள். எல்லாரும் ஒண்ணா நாத்து விட்டா, கடைசி ஆளுக்கு முறை வர்றதுக்குள்ள நாத்து முத்திடும், தூர் கட்டாது. நாத்து விடுறதையே முறை வெச்சு விடணும்.

குமார்: வாடகையும் சரியா வைக்கணும். 2 லட்ச ரூபா வண்டி 8 வருஷம் உழைச்சா தேய்மானம் வருஷத்துக்கு 25,000. 250 மணி ஓடினா டீசல், கூலி போக மணிக்கு 100 ரூபா தனியா எடுத்து வைக்கணும். சங்கத்து வண்டிதானேன்னு குறைச்சா கியர்பாக்ஸ் போற அன்னிக்கு உண்டியல் காலி 😅

முருகேசன்: விக்கிறது?

குமார்: அங்கதான் உடையும். வியாபாரி களத்துலயே காசை எண்ணி வைப்பான், குழு பத்து நாள் கழிச்சுத் தரும். பாதிப் பேர் அவன்கிட்டயே போட்டுடுவாங்க, அதனால 10 டன் லாரி பேசினா 6 டன்தான் சேரும், லாரி வாடகை அதேதான். கையில புரட்டுற பணம் வேணும். 2020ல வந்த மத்திய அரசோட உழவர் உற்பத்தியாளர் அமைப்புத் திட்டத்துல சமவெளியில 300 பேர் சேர்ந்து அமைப்பா பதிஞ்சா உறுப்பினர் பங்குக்கு ஈடா ஆளுக்கு 2,000 வரை, மொத்தம் 15 லட்சத்துக்கு மிகாம கொடுத்தாங்க. ஆனா அதைக் கம்பெனியா பதிஞ்சுட்டா, அரசுக்குக் கொடுக்குற வருஷாந்திரப் படிவம் தாமதமானா ஒவ்வொண்ணுக்கும் நாளுக்கு 100 ரூபா கூடுதல் கட்டணம். கணக்கருக்குத் தனியா ஒதுக்கணும்.

செல்வி: அப்ப டில்லர் ஒண்ணு போதும். மிச்சத்துல ஈரப்பதமானி, தராசு, தார்ப்பாய். நெல்லுல 17 சதவீதத்துக்கு மேல ஈரம் இருந்தா கொள்முதல் நிலையத்துல திருப்பிடுவாங்க.

முருகேசன்: சரிம்மா, டில்லர் சாவி யார்கிட்ட இருக்கும்?