அழற்சி எதிர்ப்பியா, அழற்சியாற்றியா?

கடல்சார் சேர்மங்கள் பற்றிய கட்டுரை வரைவில், அழற்சியை (வீக்கம், சிவப்பு, சூடு எனத் தோன்றும் உடலின் எதிர்வினையை) குறைக்கும் பொருள்கள் அனைத்தையும் ‘அழற்சி எதிர்ப்பி’ என்ற ஒரே சொல்லால் நண்பர்கள் குறித்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. செம்பாசியிலிருந்து எடுக்கும் கராஜீனனை எலியின் பாதத்தில் ஊசிவழியே செலுத்தினால் சில மணி நேரத்தில் பாதம் வீங்கிவிடும்; புதிய மருந்துகளை அந்த வீக்கத்தின்மீது சோதிக்கும் முறை 1962-இலிருந்தே இருக்கிறது. கராஜீனனுக்கு வரைவிலுள்ள ‘அழற்சித் தூண்டி’ சரியான பெயர்.

சிக்கல் மறுபக்கத்தில் இருக்கிறது. பழுப்புப்பாசியிலுள்ள ஃபியூகாய்டன், வெள்ளணுக்கள் இரத்தக்குழாய்ச் சுவரைப் பற்ற உதவும் செலெக்டின் புரதங்களோடு பிணைந்து, அவ்வணுக்கள் திசுவுக்குள் நுழைவதைத் தடுக்கிறது. கடற்பஞ்சு தரும் மனோலைடு, அழற்சிக்கு வழிவகுக்கும் பாஸ்போலிப்பேஸ் ஏ2 நொதியை முடக்குகிறது. இரண்டும் நடக்கவிருப்பதை நடக்கவிடாமல் செய்பவை. ஆகவே ‘எதிர்ப்பி’ பொருந்தும். ஆனால், மீனெண்ணெயில் மிகுந்துள்ள ஒமேகா-3 கொழுப்பமிலங்களைக் கொண்டு நம் உடலே ஆக்கிக்கொள்பவையும், 2002-இல் சார்லஸ் செர்கான் குழுவினர் ரிசால்வின் என்று பெயரிட்டவையுமான சேர்மங்கள் நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளணுக்கள் மேலும் வந்து குவிவதைக் கட்டுப்படுத்துவதோடு நிற்பதில்லை. வேலை முடிந்து மடிந்த நியூட்ரோஃபில்களைப் பெருவிழுங்கணுக்கள் விழுங்கி அகற்றவும் தூண்டுகின்றன. இது எதிர்ப்பன்று, முடித்துவைத்தல்.

ஆங்கிலத்தில் resolution எனப்படும் இதற்குத் ‘தீர்வு’ என்றால் வேதியியலாரும் கணக்காசிரியரும் வெவ்வேறாகப் புரிந்துகொள்வார்கள். ‘வீக்கம் வடிந்தது’ என்னும் பேச்சுவழக்கை ஒட்டி முதலில் ‘வடிப்பி’ என்று எழுதிப்பார்த்தேன். வடிகட்டிதான் நினைவுக்கு வருகிறது. எனவே ‘அழற்சியாற்றி’ என்பதை முன்மொழிகிறேன். அழற்சியின் வேர் அழல், அதாவது தீ. சூடானதை ஆற்றுகிறோம், புண்ணையும் ஆற்றுகிறோம் என்பதால் இரு பொருளும் இங்கு இயல்பாகக் கூடுகின்றன. பணியாற்றுதலைப் போல ‘அழற்சியைச் செய்வது’ என்று பொருள்பட்டுவிடாதா என்று கேட்கலாம். பசியாற்றுதல் என்பதை யாரும் பசியை உண்டாக்குதல் என்று கொள்வதில்லை. உடலில் தானே நிகழும் செயலை ‘அழற்சியாறல்’ எனலாம். ‘ஆற்றல்’ என்று எழுதினால் இயற்பியல் வந்து குறுக்கிடும்.

மறுப்பு இல்லையேல், வரைவில் ரிசால்வின் பத்தியில் மட்டும் சொல்லை மாற்றிவிடுகிறேன். ஃபியூகாய்டன், மனோலைடு பத்திகள் இப்போதுள்ளபடியே இருக்கட்டும்.