கான்ட்ரா ரிவ்யூ வீடியோவில் ஆளே காணாமல் போகிறான், உதவி வேண்டும்

கோத்தகிரிக்காரன்:
வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் ஊரில்) இருக்கிறேன். பழைய டிவி கேம்களைப் பற்றித் தமிழில் ரிவ்யூ வீடியோ போட ஆரம்பிக்கிறேன். முதல் வீடியோ கான்ட்ரா என்ற சுடும் கேம். எமுலேட்டர் (பழைய மெஷின் போலவே கேமை ஓட்டும் மென்பொருள்) வேண்டாம் என்று, சின்ன வயதில் அண்ணனும் நானும் ஆடிய அதே மெஷினையும் கேசட்டையும் பரணிலிருந்து இறக்கினேன். மஞ்சள், வெள்ளை வயரை யூஎஸ்பி கேப்சரில் (டிவி படத்தை லேப்டாப்புக்குள் எடுக்கும் கருவி) செருகி, லேப்டாப்பில் ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருளை வைத்துப் பதிவு செய்கிறேன்.

ஆள் செத்து மறுபடி வரும்போது கொஞ்ச நேரம் மினுக்குவானே, அந்த நேரம் பதிவில் ஆளே இல்லை. சில தடவை மினுக்காமல் முழுசாக நிற்கிறான். டியூப் டிவியில் மாட்டினால் ஒழுங்காக மினுக்குகிறான். ஓடும்போது உடம்பு ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு விழுகிறது. கூடவே 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல். கேசட்டை ஊதி ஊதி மாட்டிப் பார்த்துவிட்டேன், மாற்றமே இல்லை.

எனக்கு அந்த இடம் கட்டாயம் வேண்டும். அருவி லெவலில் அண்ணன் முன்னால் ஏறினால் திரை மேலே நகர்ந்துவிடும், கீழே நிற்கிற நான் செத்துப்போவேன். இரண்டு பேர் ஆடும்போது கான்ட்ரா எப்படி மாறுகிறது என்று அதை வைத்துத்தான் சொல்லப் போகிறேன்.

உதகை 8பிட்:
முதலில் ஊதுவதை நிறுத்துங்கள். மூச்சில் ஈரம் இருக்கிறது. நம் மலையில் ஏற்கெனவே எல்லாம் ஈரம்தான், கேசட்டின் செம்புப் பல்லில் பச்சைக் களிம்பு ஏறிவிடும். காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஆனால் உங்கள் பிரச்சினை கேசட் இல்லை. கேசட் தொடர்பு சரியில்லை என்றால் படமே குழம்பும், இல்லாவிட்டால் கேம் தொடங்கவே தொடங்காது.

குன்னூர் டிவி மெக்கானிக்:
தம்பி, மெஷின் நன்றாக இருக்கிறது. கேப்சர்தான் உங்கள் படத்தில் பாதியைத் தூக்கிப் போடுகிறது.

நம் ஊர் டிவி முறைக்குப் பெயர் பால் (PAL). அதில் டிவி வினாடிக்கு 50 தடவை திரையை வரையும். சாதாரண ஒளிபரப்பில் ஒரு தடவை ஒற்றைப்படைக் கோடுகள், அடுத்த தடவை இரட்டைப்படைக் கோடுகள். இரண்டும் சேர்ந்தால் ஒரு முழுப் படம், ஆக வினாடிக்கு 25. டிவி கேம் அப்படிச் செய்வதில்லை. அதே கோடுகளின் மேல் 50 தடவையும் வரையும், ஒவ்வொன்றும் தனிப் படம். கேப்சருக்கு இது தெரியாது. ஒளிபரப்பு என்று நினைத்து இரண்டு படங்களை ஒன்றாகக் கோக்கிறது, சீப்புப் பல் அதனால்தான். சீப்பை மறைக்க மென்பொருள் ஒரு பாதியை எறிந்தால் 25 படம்தான் மிஞ்சும். மினுக்கும் ஆள் ஒரு படத்தில் இருப்பான், அடுத்ததில் இருக்க மாட்டான். எறிந்த பாதியில் அவன் இருந்தால் காணாமல் போவான், மிஞ்சிய பாதியில் இருந்தால் முழுசாக நிற்பான்.

குண்டுகளையும் கவனியுங்கள், அவையும் விட்டுப் போயிருக்கும். இந்த வகை மெஷின் ஒரே கோட்டில் 8 உருவத் துண்டுகளுக்கு மேல் காட்டாது. கூட்டம் கூடினால் கேமே இந்தப் படத்தில் சிலதை, அடுத்ததில் மற்றதை என்று மாற்றி மாற்றிக் காட்டிச் சமாளிக்கும். 50 படமும் வந்தால்தான் கண்ணுக்கு எல்லாம் தெரியும்.

ஓபிஎஸ்ஸில் வீடியோ அமைப்புக்குப் போய் வேகத்தை 50 பால் என்று வையுங்கள். கேப்சரை 720க்கு 576, பால் என்று மாற்றுங்கள். பிறகு அந்தச் சோர்ஸின் மேல் ரைட் கிளிக் செய்து டீஇன்டர்லேசிங்கில் (கோத்த படங்களைப் பிரிக்கும் அமைப்பு) யாடிஃப் 2எக்ஸ் அல்லது ரெட்ரோ என்று வையுங்கள். வெறும் யாடிஃப் வேண்டாம், 2எக்ஸ் முக்கியம், அதில்தான் 50 படமும் மிஞ்சும்.

பூம்பாறை:
இரைச்சலுக்கு நான் சொல்கிறேன். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் பதிவு செய்து பாருங்கள் தம்பி. கொடைக்கானலில் எங்கள் வீட்டிலும் இதே 'ம்ம்ம்' இருந்தது, எர்த் வழியாகச் சுற்றி வருகிற 50 ஹெர்ட்ஸ் கரண்ட் சத்தம் அது.

கோத்தகிரிக்காரன்:
அண்ணா, சீப்பு போயே போச்சு! ஓபிஎஸ் திரையில் ஆள் அழகாக மினுக்குகிறான். சார்ஜரைப் பிடுங்கியதும் இரைச்சலும் நின்றது, நன்றி அக்கா. ஆனால் எடிட் செய்து ஏற்றிய வீடியோவில் ஆள் மறுபடி காணோம்.

குன்னூர் டிவி மெக்கானிக்:
எடிட் எதில்? டைம்லைன் வினாடிக்கு எத்தனை பிரேம் (படம்)? எந்த அளவில் வெளியே எடுத்தீர்கள்?

கோத்தகிரிக்காரன்:
போன் ஆப்பில். 30 என்று இருக்கிறது. அளவு 480.

குன்னூர் டிவி மெக்கானிக்:
இரண்டு இடத்திலும் படம் தொலைகிறது. டைம்லைனை 50 ஆக்குங்கள். அப்புறம், யூடியூப் 720க்குக் கீழே வினாடிக்கு 50 பிரேம் காட்டாது. அதனால் 1440க்கு 1080 ஆகப் பெரிதாக்கி ஏற்றுங்கள். 4க்கு 3 விகிதமும் கெடாது, ஆள் குண்டாகத் தெரிய மாட்டான். பெரிதாக்கும்போது ஓபிஎஸ்ஸில் ஸ்கேல் ஃபில்டரை பாயிண்ட் என்று வைத்தால் கட்டங்கள் மழுங்காமல் நிற்கும்.

பூம்பாறை:
ரிவ்யூவுக்கு ஒரு விஷயம். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இந்த கேம் வினாடிக்கு 60 படம் என்று ஓடியது. நம் பால் மெஷினில் 50. அதாவது ஆறில் ஒரு பங்கு மெதுவாகத்தான் நாம் ஆடியிருக்கிறோம். கான்ட்ரா கஷ்டமா சுலபமா என்று தீர்ப்புச் சொல்லும்போது எந்த வேகத்தில் ஆடினீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். 60இல் ஆடியவர்களின் ரிவ்யூக்களில் இது வராது, நம் பிள்ளைகள் ஆடிய கான்ட்ராவைப் பற்றி நாம்தான் சொல்ல வேண்டும்.

கோத்தகிரிக்காரன்:
அக்கா, இது எனக்குப் பெரிய விஷயம். எமுலேட்டரோடு ஒப்பிட்டுப் பார்த்து, என் மெஷின் வயதாகித் தளர்ந்துவிட்டது என்று ஸ்கிரிப்டில் எழுதி வைத்திருந்தேன். அந்தப் பத்தியை அடித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

டைம்லைன் 50, அளவு 1080, இரண்டும் மாற்றி ஏற்றிப் பார்த்தேன். சரியாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் திருப்பூரிலிருந்து லீவில் வந்திருந்தான். வெளியே மழை, தேயிலைக் காடு முழுக்க மேகம் இறங்கியிருந்தது. இரண்டு பேரும் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து அருவி லெவலுக்குப் போனோம். எதுவும் சொல்லாமலே அவன் முன்னால் ஏறினான், திரை மேலே போனது, நான் செத்தேன். மறுபடி வந்து குதித்து மினுக்கினேன். 50 பிரேமும் பதிவில் இருக்கிறது.