கலைச்சொல் வேண்டும்: வளையத்தடியில் நின்று பந்தைத் தட்டிவிடும் நெட்டை ஆட்டக்காரர்

காரைக்குடியிலிருந்து, கையேட்டுத் தொகுப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம்.

பள்ளிப் பயிற்சியாளர்களுக்கான கூடைப்பந்துக் கையேட்டில் ஐந்தாம் இயல் ஒரே ஒரு சொல்லுக்காக நின்றுகொண்டிருக்கிறது. வளையத்துக்கு அடியில் நின்று, உள்ளே வரும் பந்தையெல்லாம் தட்டிவிடும் உயரமான ஆட்டக்காரரை ஆங்கிலத்தில் ஷாட் பிளாக்கர் என்கிறார்கள், ரிம் ப்ரொடெக்டர் என்றும் சொல்கிறார்கள். வரைவில் ‘எறிதடுப்பாளர்’ என்று எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் மனம் ஒப்பவில்லை. அந்த ஆளை எதிர்த்து எப்படி ஆடுவது என்பதுதான் இயலின் பொருள். பெயரே மொக்கையாக இருந்தால் பாடமும் அப்படித்தான் போகும்.

‘கூடைக்காவலர்’ என்றும் யோசித்தேன். ‘கார்டு’ என்பதைக் காவலர் என்று பெயர்க்கும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. பந்தைத் தட்டிக்கொண்டு வரும் குட்டைப் பையனும் வளையத்தடியில் நிற்கும் ஆறரையடி ஆளும் ஒரே பெயரில் வந்தால் படிப்பவர் குழம்புவார். தேவகோட்டை அண்ணனும் பள்ளத்தூர் டீச்சரும் கருத்துச் சொல்லுங்கள்.

தேவகோட்டையிலிருந்து, பயிற்சியாளர்:

தம்பி, சொல்லுக்கு முன்னால் அந்த ஆள் செய்கிற வேலை என்ன என்று பார்த்துவிடுவோம். ‘எறிதடுப்பாளர்’ என்றால் தடுத்த எறிகள் மட்டும்தான் கணக்கில் வரும். அவன் செய்கிற பெரிய கேடு எறியப்படாமலே போகிற பந்துகளில் இருக்கிறது. நம் பையன் உள்ளே நுழைகிறான், அவனைப் பார்க்கிறான், பயந்து பந்தை வெளியே திருப்பிவிடுகிறான். இது எந்தக் குறிப்பேட்டிலும் ஏறாது. அமெரிக்கத் தொழில்முறை ஆட்டமான என்.பி.ஏ.வில் தடுப்புகளை எண்ணத் தொடங்கியதே 1973-74 பருவத்தில்தான். அதற்கு முன் 1969இல் ஓய்வு பெற்ற, தடுப்புக்குப் பேர்போன பில் ரஸ்ஸலின் பெயரில் ஒரு தடுப்புகூடப் பதிவில் இல்லை. பின்னால் ஆடிய ஹக்கீம் ஒலாஜுவானுக்கு 3,830. எண்ணிக்கையை வைத்துப் பெயரிட்டால் ரஸ்ஸல் இந்த வகையிலேயே வரமாட்டார். ஆகவே பெயரில் அவன் நிற்கிற நிலை தெரிய வேண்டும்.

அடுத்தது நம் ஊருக்கான விஷயம், கையேட்டில் தடித்த எழுத்தில் போடவேண்டியது. அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்தில் 2001-02 முதல் ஒரு விதி இருக்கிறது: தடுக்கிற அணியின் ஆள் கையெட்டும் தூரத்தில் எதிராளி யாரையும் காக்காமல் பெயிண்டுக்குள், அதாவது வளையத்துக்கு முன்னால் வரைந்த கட்டத்துக்குள், மூன்று விநாடிக்கு மேல் நிற்கக்கூடாது. நாம் ஆடுகிற ஃபிபா (உலகக் கூடைப்பந்துச் சம்மேளனம்) விதியில் அது கிடையாது. மூன்று விநாடிக் கட்டுப்பாடு பந்து வைத்திருக்கும் அணிக்கு மட்டும்தான். அதனால் இங்கே அவன் நாற்பது நிமிடமும் வளையத்தடியிலேயே குடியிருக்கலாம். அங்கே அவனைக் கிளப்ப விதி பாதி வேலையைச் செய்துவிடுகிறது. இங்கே முழுவதையும் நாம்தான் செய்ய வேண்டும். டிவியில் பார்த்ததை அப்படியே வரைந்து கொடுக்கிற பயிற்சியாளர்கள் சறுக்குவது இங்கேதான்.

எனவே எனக்கு இரண்டு சொல் வேண்டும். ஒன்று அந்த ஆளுக்கு, இன்னொன்று அவனை அந்த இடத்தைவிட்டுக் கிளப்புகிற செயலுக்கு. இரண்டாவதுதான் முக்கியம். ஆடுகளத்தின் ஓரத்திலிருந்து ஒரு மூச்சில் கத்தக்கூடிய சொல்லாக இருக்க வேண்டும். ‘எறிதடுப்பாளர்’ என்று கத்தி முடிப்பதற்குள் பந்து கைமாறிவிடும்.

பள்ளத்தூரிலிருந்து, தமிழாசிரியை:

அண்ணே, நீங்கள் சொன்ன இரண்டு சோதனையும் சரியானவை. ‘மறி’ என்ற வினையைப் பாருங்கள். வாய்க்காலில் தண்ணீரை மறிக்கிறோம், மஞ்சுவிரட்டில் மாட்டை மறிக்கிறோம், சாலை மறியல் எல்லோருக்கும் தெரியும். ‘தடு’ என்பது வருகிற ஒன்றை நிறுத்துவதோடு முடிந்துவிடுகிறது. மறிப்பவர் குறுக்கே ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், அவரைப் பார்த்தே வருகிறவர் திரும்பிப்போகிறார். ‘மறிதல்’ என்றாலே திரும்புதல் என்று ஒரு பொருள் உண்டு. எறியாமலே திரும்பிய பந்து என்றீர்களே, அதுவும் இந்தச் சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது.

ஆகவே ‘மறியாள்’. வேலையாள், காவலாள் போல. ‘ஆள்’ ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது, பெண்கள் அணிக்கும் அப்படியே பொருந்தும். பழைய நூல்களில் ‘மறி’ ஆட்டுக்குட்டியையும் மான்குட்டியையும் குறிக்கும் என்று யாராவது சொல்லலாம். ‘ஆள்’ சேர்ந்த பிறகு அந்தக் குழப்பம் வராது.

செயலுக்குப் ‘பெயர்த்தல்’ என்று சொல்லலாம். வேரோடு பெயர்ப்பது, தூணைப் பெயர்ப்பது. ஊன்றி நிற்பதைத்தான் பெயர்க்க முடியும். மறியாளைப் பெயர்ப்பது. மொழிபெயர்ப்போடு குழம்புமோ என்று கவலைப்பட வேண்டாம், ஆடுகளத்தில் யாரும் மொழி பெயர்க்கப்போவதில்லை.

கோட்டையூரிலிருந்து, நடுவர்:

மறியாள் நல்ல சொல். விதிப்பக்கம் ஒரு தடை சொல்ல வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் பிளாக் என்ற ஒரே சொல் இரண்டு இடத்தில் வருகிறது. பந்தைத் தட்டிவிடுவது பிளாக், அது முறையானது. ஓடுகிறவன் குறுக்கே போய் உடம்பால் நிறுத்துவதும் பிளாக்கிங், அது ஃபவுல். தமிழிலும் இரண்டையும் ‘மறிப்பு’ என்றால் அதே குழப்பத்தை விலை கொடுத்து வாங்கிய மாதிரி ஆகும். ‘பந்துமறிப்பு’, ‘வழிமறிப்பு’ என்று பிரித்துப் போடுங்கள். பந்தை மறித்தால் ஆட்டம், வழியை மறித்தால் ஃபவுல்.

பெயர்க்கிற இயலில் மூன்று விதிகள் கட்டாயம் வேண்டும். எறிந்த பந்து மேலே ஏறிக்கொண்டிருக்கும்வரை மறியாள் தட்டலாம். முழுவதும் வளைய மட்டத்துக்கு மேலே இருந்து கீழிறங்கத் தொடங்கிய பிறகு தொட்டால் கூடை வழங்கப்படும். வளைய மட்டத்துக்கு மேலே பலகையில் பட்ட பிறகு தொட்டாலும் அப்படித்தான். ஆக, மறியாள் கையைத் தூக்குவதற்கு முன்பே பலகையில் உயரமாக வைத்துவிட்ட பந்துக்கு விதியே காவல்.

இரண்டாவது, செங்குத்து உரிமை. மறியாள் நின்ற இடத்திலேயே கையை நேரே தூக்கிக் குதித்தால், மேலே உள்ள வெளி அவனுடையது. அவன்மேல் போய் விழுந்துவிட்டு விசிலை எதிர்பார்க்கக்கூடாது. பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே குதித்தாலோ, கையை முன்னால் இறக்கினாலோதான் தப்பு அவன்மேல். எனவே அவனை நகரவைத்துவிட்டு மோதுங்கள். ஃபிபாவில் ஐந்தாவது ஃபவுலோடு அவன் வெளியே. முதல் கால்பகுதியிலேயே இரண்டு வாங்கிவிட்டால் பெரும்பாலும் அவன் பயிற்சியாளரே அவனை உட்காரவைத்துவிடுவார்.

மூன்றாவதைப் பலரும் மறக்கிறார்கள். அவன் தட்டிய பந்து வெளியே போய் நமக்கே கிடைத்தாலும் எறிவதற்கான 24 விநாடிக் கடிகாரம் புதிதாகத் தொடங்காது, மிச்ச நேரம்தான். வளையத்தில் பட்டு நாம் எடுத்தால்தான் 14 விநாடி கிடைக்கும். நான்கு விநாடி மிச்சமிருக்கும்போது மறிபட்டால் அந்த வாய்ப்பு ஏறக்குறையப் போச்சு. அதனால் மறியாளைச் சோதிக்கிற நுழைவு கடிகாரத்தின் முற்பாதியில் நடக்க வேண்டும்.

தேவகோட்டையிலிருந்து, பயிற்சியாளர்:

டீச்சர், மறியாளையும் பெயர்த்தலையும் எடுத்துக்கொண்டேன். இரண்டும் வாயில் நிற்கின்றன. நடுவர் சொன்னதோடு சேர்த்து இயலின் உள்ளடக்கத்தை எழுதிவிடுகிறேன். இடங்களுக்கு நம் வீட்டுப் பெயர்களையே வைத்துப் பார்க்கிறேன், பிடிக்கவில்லை என்றால் வெட்டிவிடுங்கள். மூன்று புள்ளிக் கோட்டின் நடு உச்சி ‘முகப்பு’. பெயிண்ட், அதாவது 4.9 மீட்டர் அகலமும் 5.8 மீட்டர் நீளமும் உள்ள அந்தக் கட்டம் ‘வளவு’. வளையத்துக்குப் பக்கவாட்டில், கடைக்கோட்டை ஒட்டி, வளவுக்கு ஓரடி வெளியே உள்ள இடம் ‘பின்கட்டு’. நெட்டை ஆட்டக்காரனை ஒளித்துவைக்கிற இடம் அதுதான்.

பெயர்த்தலின் முதல் கேள்வி: மறியாள் யாரைக் காக்கிறான்? அவன் காக்கிற நம் ஆள் தூரத்திலிருந்து எறியத் தெரிந்தவன் என்றால் வேலை சுலபம். அவனை மூலைக்கு அனுப்பு. மூலையில் மூன்று புள்ளிக் கோடு வளையத்திலிருந்து 6.60 மீட்டர், மற்ற இடங்களில் 6.75. மறியாள் அவ்வளவு தூரம் போனால் வளவு காலி. போகாவிட்டால் மூலை காலி. 2021 ஜூன் 18 அன்று என்.பி.ஏ.வில் யூட்டா ஜாஸுக்கு எதிராக லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் செய்தது இதைத்தான். ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை அந்தப் பருவத்தில் மூன்றாம் முறையாக வாங்கிய யூட்டாவின் ரூடி கோபேர் உள்ளே நின்றார். கிளிப்பர்ஸ் ஐந்து பேரையும் வெளியே பரப்பினார்கள், கோபேர் காக்கவேண்டிய டெரன்ஸ் மான் மூலையில் நின்றார். யார் உள்ளே நுழைந்தாலும் கோபேர் வளையத்துக்குத் திரும்பினார், பந்து மூலைக்குப் போனது. மான் எடுத்தது 39 புள்ளி. 25 புள்ளி பின்தங்கியிருந்த அணி 131-119 என்று வென்றது. கோபேர் அன்று மோசமாக ஆடவில்லை. ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நிற்க யாராலும் முடியாது, அவ்வளவுதான்.

பள்ளி அணியில் இது கெடுகிற விதம் ஒன்றே ஒன்று. மூலையில் நிற்கிற பையனுக்கு நாலைந்து தடவை பந்து வராது. உடனே அவன் ஒவ்வோர் அடியாக உள்ளே வருவான். ஒரு மீட்டர் வந்துவிட்டாலே மறியாள் ஓர் எட்டில் இரண்டு பேரையும் பார்த்துக்கொள்வான். மூலையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, பயிற்சி முடியும்வரை இரண்டு காலும் அதற்குள் இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். பந்து வராமல் நிற்பதும் ஆட்டம்தான் என்பதைப் பையனுக்குப் புரியவைப்பது பயிற்சியாளரின் கடமை.

எறியத் தெரியாதவனை மறியாள் காக்கிறான் என்றால் மூலை பயன்படாது, அவனை யாரும் மதித்துக் காக்கமாட்டார்கள். அவனை முகப்புக்குக் கூப்பிட்டு ஸ்கிரீன் போடச் சொல்லுங்கள், அதாவது பந்து வைத்திருப்பவனைக் காக்கிறவன் வழியில் அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். பெரும்பாலான மறியாள்கள் அப்போது முன்னேறி வராமல் வளவுக்குள்ளேயே பின்வாங்கி நிற்பார்கள். இதற்குப் ‘பின்னிற்பு’ என்று பெயர் வைத்துவிடலாம், விவாதம் வேண்டாம். பின்னிற்புக்கு மருந்து ஃப்ரீ த்ரோ கோட்டின் இரு முனையிலிருந்து எறிவதும், அதற்கு உள்ளே, வளையத்திலிருந்து இரண்டரை முதல் மூன்றரை மீட்டரில் ஃப்ளோட்டர், அதாவது மறியாள் கைக்கு மேலே உயர மிதந்துபோகும் பந்து, எறிவதும்தான். ஸ்கிரீனில் சிக்கித் துரத்திவருகிறவன் நம் முதுகுக்குப் பின்னால் இருப்பான், மறியாள் இன்னும் எட்டாத தூரத்தில் இருப்பான். ஃப்ளோட்டருக்கும் ஒரு சொல் வேண்டும் டீச்சர்.

அதைச் சொல்லித்தரும்போது தாளத்தைக் கவனியுங்கள். மறியாள் நம் கையைப் பார்த்துக் குதிப்பதில்லை, காலைப் பார்த்துத்தான் குதிக்கிறான். வலது, இடது, எறி என்கிற லே-அப் (ஓடிவந்து வளையத்தருகே எழும்பிப் போடுவது) தாளம் அவனுக்கு மனப்பாடம். ஓர் அடி முன்கூட்டியே, மணிக்கட்டைச் சொடுக்காமல், உள்ளங்கையிலிருந்து தள்ளிவிட்டாற்போல் பந்து போக வேண்டும். வலது காலில் எழும்பி வலது கையால் போடுகிற லே-அப்பும் இதே காரணத்தால்தான் பலிக்கிறது.

நெருங்கிவிட்டால் இரண்டு காலில் எழும்பி, தோளை அவன் மார்பில் பதித்து, அவன் குதிப்பதற்கு முன்னால் போட வேண்டும். அல்லது வளையத்துக்கு அடியில் கடந்துபோய் மறுபக்கத்திலிருந்து போடலாம், அப்போது வளையமும் வலையும் அவன் கைக்குக் குறுக்கே நிற்கும். எறிவதுபோல் பாவனை காட்டினால் பந்து நெற்றிவரைதான் உயர வேண்டும், முழங்கால் மடிந்தே இருக்க வேண்டும். ஒரே தடவை. அவன் குதிக்கவில்லை என்றால் வெளியே கொடுத்துவிட வேண்டும். மூன்று தடவை பாவனை காட்டினால் பின்னாலிருந்து இன்னொருவன் பிடுங்கிக்கொள்வான்.

பயிற்சிக்கு மறியாள் கிடைக்கவில்லையா? நம் பக்கத்து வீடுகளின் விட்டத்து உயரத்துக்கு வைத்திருக்கிற ஒட்டடைக்கம்பு போதும். நுனியில் பழந்துணியைப் பந்துபோலச் சுற்றி இறுக்கிக் கட்டுங்கள், கண்ணில் பட்டாலும் காயமாகக்கூடாது. வளையத்துக்கு முன்னால் ஒரு மீட்டரில் ஒருவர் நின்று, துணிநுனி 3.05 மீட்டர் வளைய மட்டத்துக்கு ஒரு சாணுக்கு மேல் வருகிற மாதிரி உயர்த்திப் பிடிக்கட்டும். இடம், நடு, வலம் என்று ஓர் ஆளுக்குப் பத்துப் பத்து எறி. பத்துக்கு ஆறு விழுந்தால் அடுத்த இடத்துக்குப் போகலாம். ஆட்டத்துக்கு முன்னால் களத்தைப் பெருக்கிவிடுங்கள். நம் ஊர் செம்மண் தூசி சிமெண்டுத் தரையில் படிந்திருந்தால், ஓடிவந்து இரண்டு காலில் நிற்கிறவன் சறுக்கிப்போய் மறியாள் கையிலேயே பந்தைக் கொடுப்பான்.

கடைசியாக, பின்கட்டு. மறியாள் பந்தை நோக்கி ஏறினால் அவன் முதுகுப்பக்கம் காலியாகும். பின்கட்டில் இருக்கிறவன் கையைக் காட்டிக்கொண்டே நிற்க வேண்டும். தரையோடு குத்திக்கொடுக்கிற பாஸ் அவனுக்குப் போகட்டும். பந்துமறிப்பு நடந்தாலும் சிதறுகிற பந்து பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் விழும், குதித்த மறியாள் மறுபடி குதிக்க நேரமாகும். ஆனால் பின்கட்டு ஆள் பந்து நுழைகிற பக்கத்திலேயே நின்றால் மறியாளையும் இழுத்துக்கொண்டு வழியை அடைத்துவிடுவான். எப்போதும் எதிர்ப்பக்கம்.

பள்ளத்தூரிலிருந்து, தமிழாசிரியை:

ஃப்ளோட்டருக்கு ‘மிதப்பு’ முதலில் தோன்றும், வேண்டாம். “மிதப்பில் இருக்கிறான்” என்றால் பேச்சில் வேறு பொருள். ‘தூவல்’ என்று வையுங்கள். பூத்தூவுகிற அந்தக் கை அசைவுதான் நீங்கள் சொன்ன, சொடுக்காமல் விடுகிற அசைவு. பழைய தமிழில் தூவல் இறகும்கூட.

வளவு என்பது நமக்கு வீட்டின் உள்முற்றத்தைச் சேர்ந்த பகுதி. மதுரைப் பக்கம் பல வீடுகள் சேர்ந்த வளாகம், இலங்கையில் வீட்டைச் சுற்றிய நிலம். எங்கே போனாலும் எல்லை கட்டிய இடம் என்ற பொருள் மாறவில்லை. தயங்காமல் போடலாம். முகப்பும் பின்கட்டும் எல்லோருக்கும் புரியும்.

காரைக்குடியிலிருந்து, கையேட்டுத் தொகுப்பாளர்:

அண்ணே, டீச்சர், நடுவர் ஐயா, மூவருக்கும் நன்றி. சொற்பட்டியலில் ஏற்றிய வடிவம் இது, திருத்தம் இருந்தால் எழுதுங்கள்.

மறியாள்: வளவுக்குள் நிலைகொண்டு, பந்தைத் தட்டியோ தன் இருப்பாலோ எறிகளைத் திருப்புகிற ஆட்டக்காரர். செயல், பந்துமறிப்பு. (வழிமறிப்பு வேறு, அது ஃபவுல்.)

பெயர்த்தல்: மறியாளை வளவைவிட்டு நகரச்செய்யும் ஆட்டமுறை. களத்தில் கத்துவதற்கு: “மறியாள் பெயர்ந்துட்டான், பின்கட்டைப் பாரு!”