சீந்தில் கஷாயம்: கொடி, அளவு, நாள்கணக்கு

சீந்தில் கொடியில் கஷாயம் போடுவது எப்படி, சீந்தில் சர்க்கரை என்றால் என்ன என்று கேட்டதற்குப் பலர் சொன்ன பதில்கள் இவை. எதிர்ப்புச் சக்திக்குச் சீந்தில் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கொடியைச் சரியாகப் பார்க்க வேண்டும். நல்ல சீந்திலின் முற்றிய தண்டில் மேல்தோல் காகிதம் மாதிரி உரியும். உரித்த இடம் பச்சை. குறுக்கே வெட்டினால் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போல் கோடுகள் தெரியும். இலை இதய வடிவம், ரோமமே இருக்காது, பழம் சிவப்பு. இதே இனத்தில் டினோஸ்போரா கிரிஸ்பா என்று இன்னொன்று உண்டு. இலையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தண்டைத் தடவிப் பாருங்கள்: கிரிஸ்பாவில் நெடுக மரு மருவாகப் புடைத்திருக்கும். கல்லீரலைக் கெடுத்ததாக அதன்மேல் பதிவுகள் இருக்கின்றன. தோல் சீவிக் காயவைத்த துண்டிலும் தூளிலும் கண்ணால் வித்தியாசம் காண முடியாது. அதனால் இலையோடு இருக்கும் கொடியிலிருந்து, சுண்டுவிரலுக்குக் குறையாத பருமனில் தண்டு எடுப்பதுதான் நல்லது.

* * *

மேலே சொன்னவர் கொடியைச் சொல்லிவிட்டார். நான் அளவைச் சொல்கிறேன், அதிகம் தவறுவது அங்கேதான். உலர்ந்த மூலிகைக்குப் பதில் பச்சையாகப் போட்டால் இரண்டு பங்கு என்பது பொது விதி. சீந்திலுக்கு அந்த விதி கிடையாது. எப்போதும் பச்சையாகவே எடுக்க வேண்டிய, இரட்டிப்பாக்கக் கூடாத மூலிகைகள் என்று பழைய ஆயுர்வேத நூலான சார்ங்கதர சம்ஹிதை ஒரு பட்டியலே தருகிறது. அமுக்கரா, ஆடாதோடை, தண்ணீர்விட்டான் எல்லாம் அதில் வரும். கஷாயத்துக்கு ஒரு நாள் அளவு 20 முதல் 30 கிராம் தண்டு. தூளாக என்றால் 3 முதல் 6 கிராம்.

செய்முறை: 25 கிராம் தண்டு, மேல்தோலைச் சுரண்டி, ஓர் அங்குலத் துண்டாக்கி, நார் பிரியும்வரை நசுக்குங்கள். வெறுமனே நறுக்கிப் போட்டால் சாறு இறங்காது. பாத்திரத்தில் முதலில் 50 மி.லி. தண்ணீர் ஊற்றி, ஒரு குச்சியை நட்டு அந்த மட்டத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிறகு மீதி 350 மி.லி. ஊற்றுங்கள். மூடாமல், சிறு தீயில், அந்தக் கோட்டுக்கு வரும்வரை வற்ற வேண்டும். பெருந்தீ வைத்தால் தண்ணீர் ஆவியாகுமே தவிர, தண்டு வேகாது. இரும்பும் அலுமினியமும் வேண்டாம். மண் அல்லது ஸ்டீல். வடிகட்டி, காலை பாதி, மாலை பாதி. மறுநாளைக்கு வைத்தால் புளித்துவிடும்.

* * *

துளசி, பட்டை போன்ற வாசனைச் சரக்குகளையும் இதோடு சேர்த்து வற்றவைக்கிறார்கள். வேண்டாம், அவற்றின் எண்ணெய் ஆவியோடு போய்விடும். 2020இல் ஆயுஷ் அமைச்சகம் சொன்ன கலவை துளசி 4 பங்கு, லவங்கப்பட்டை 2, சுக்கு 2, மிளகு 1. அதில் 3 கிராம் தூளைக் கொதித்த 150 மி.லி. நீரில் போட்டு, நாளைக்கு ஒரு தரம் அல்லது இரண்டு தரம். அவ்வளவுதான். அதை நாள் முழுக்க டீ மாதிரி குடித்தால் நெஞ்செரிச்சலும் வாய்ப்புண்ணும் வரும்.

* * *

நாள்கணக்கை யாரும் சொல்லவில்லை, எனக்கு அதுதான் கவலை. கொரோனா காலத்தில் சீந்திலை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் எடுத்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்தது. மும்பையில் 6 பேரைப் பற்றி 2021இல் ஆய்வறிக்கை வந்தது. 2022இல் நாட்டின் 13 மையங்களிலிருந்து 43 பேர். கொடி மாறியிருக்கலாம் என்று ஆயுஷ் தரப்பு சொன்னது, அதற்கும் இடம் உண்டு. ஆனால் அந்தப் பாதிப்பு தன்னெதிர்ப்பு நோயின் சாயலில் இருந்தது என்பதை ஒதுக்கிவிட முடியாது. உடலின் காவல் தன்னையே தாக்கும் நிலையில் இருப்பவருக்கு அந்தக் காவலைத் தூண்டிவிடுவது உதவியாகாது.

எனவே முடக்குவாதம், லூபஸ், ஹாஷிமோட்டோ தைராய்டு, சோரியாசிஸ் உள்ளவர்களும், உறுப்பு மாற்றிக்கொண்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ் போன்ற மருந்து எடுப்பவர்களும் சீந்திலைத் தொடவே வேண்டாம். கர்ப்பிணிகளும் தவிர்க்கட்டும். சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை ரொம்ப இறங்கலாம். மற்றவர்களும் வைத்தியர் சொல்லும் நாளுக்கு மேல் நீட்டக் கூடாது. பசி மந்தம், குமட்டல், அரிப்பு, அடர்மஞ்சள் சிறுநீர் என எது தெரிந்தாலும் அன்றைக்கே நிறுத்திவிட்டு, கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை (எஸ்.ஜி.பி.டி., பிலிருபின்) பார்த்துவிடுங்கள். போகும்போது குடித்த தண்டையோ தூளையோ கையோடு எடுத்துப் போங்கள்.

* * *

சீந்தில் சர்க்கரை பற்றியும் கேட்டிருந்தார்கள். நசுக்கிய தண்டை நாலு பங்கு நீரில் இரவெல்லாம் ஊறவைத்து, பிசைந்து வடிகட்டி, தெளியவிட்டு அடியில் படிவதைக் காயவைப்பது அது. பெரும்பகுதி மாவுச்சத்துதான். வெள்ளையாக வரட்டும் என்று பலமுறை கழுவினால் கசப்புச் சத்து நீரோடு போய்விடும். கடைச் சரக்கில் வேறு மாவு கலந்திருக்கிறதா என்று அயோடின் சொட்டு விட்டுப் பார்ப்பதில் பயனில்லை. இரண்டும் நீலமாகத்தான் மாறும்.