ஐ2சி-ஸ்டப் ஆவணத்தைத் திருத்தி அனுப்ப யோசனை வேண்டும்

செம்பனைக்காரன் (சுங்கை சிப்புட்)

வணக்கம். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நடத்தும் சனிக்கிழமை லினக்ஸ் வகுப்பில் டிரைவர் (கருவியை இயக்கும் நிரல்) சோதனைக்கு, கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) ஏற்றும் ஐ2சி-ஸ்டப் மாட்யூலைத்தான் வைத்திருக்கிறோம். ஐ2சி என்பது சிப்கள் கணினியோடு பேசும் இரு கம்பித் தடம். சென்சர் பலகை எதுவும் வாங்க வேண்டியதில்லை, போலி சிப் மெமரியிலேயே உட்கார்ந்துகொள்ளும். தொல்லை அதனுடைய ஆவணம். மாட்யூலை ஏற்று, ஐ2சி-செட் கட்டளை வைத்துத் தரவை இடு, டிரைவரை ஏற்று, கெர்னல் லாகைப் பார்: பயன்படுத்தும் முறை அவ்வளவுதான். தெரிந்தவருக்கு அது போதும். படிவம் ஐந்து மாணவன் இரண்டாவது படியிலேயே நின்றுவிடுகிறான். எந்த பஸ் (ஐ2சி தடம்) எண், எந்த ரிஜிஸ்டர் (சிப்புக்குள் இருக்கும் எண்ணிட்ட நினைவு அறை), சரியாக நடந்தால் திரையில் என்ன வரும், எதுவும் அதில் இல்லை.

திருத்தி கெர்னலுக்கே அனுப்ப நினைக்கிறேன். மாட்யூலை ஏற்றும்போது கொடுக்கும் எல்லா அளவுருக்களுக்கும் ஓர் அட்டவணை போடலாமா? தமிழ்ப் பதிப்பையும் கெர்னலுக்குள்ளேயே சேர்க்க முடியுமா?

ஹெக்ஸ் கிராணி

அட்டவணை வேண்டாம் அண்ணே. அளவுருக்களை மோட்இன்ஃபோ கட்டளையே காட்டிவிடும். அங்கே இல்லாதது, முதல் வரியிலிருந்து கடைசி வரை ஓடுகிற ஓர் எடுத்துக்காட்டு. எல்எம்75 வெப்பச் சென்சரை எடுங்கள். நாலே ரிஜிஸ்டர்: 0 வெப்பநிலை, 1 கான்ஃபிக், 2 ஹிஸ்டரிசிஸ் (எச்சரிக்கை அடங்கும் வெப்பநிலை), 3 மேல் எல்லை.

முதலில் ஐ2சி-டெவ் மாட்யூல். அது ஏறாவிட்டால் ஐ2சி-செட்டுக்குத் திறக்க டிவைஸ் கோப்பே இருக்காது. பிறகு ஸ்டப், சிப் முகவரி ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) 48 என்று கொடுத்து. முகவரி கொடுக்க மறந்தால் மாட்யூல் ஏறவே ஏறாது. ஹெக்ஸ் 03 முதல் 77 வரைதான் செல்லும், ஒரே நேரத்தில் பத்து சிப் வரை. அடுத்து ஐ2சி-டிடெக்ட் கட்டளையின் 'எல்' தெரிவு காட்டும் பட்டியலில் 'எஸ்எம்பஸ் ஸ்டப் டிரைவர்' என்ற வரியைத் தேடி பஸ் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆவணத்தில் எண்ணை அச்சடித்துவிடாதீர்கள். கிராஃபிக்ஸ் கார்டும் சில பஸ்களைப் பிடித்துக்கொள்வதால் லேப்டாப்புக்கு லேப்டாப் மாறும்.

இனிமேல்தான் எல்லாரும் வழுக்கும் இடம். உங்கள் ஊர் மத்தியான வெயில் 34.5 டிகிரி என்று வையுங்கள். 34 என்பது ஹெக்ஸ் 22, அரை டிகிரிக்கு ஹெக்ஸ் 80. சிப் பெரிய பைட்டை முதலில் அனுப்பும், எஸ்எம்பஸ் (ஐ2சியின் மேல் அமைந்த கட்டளை முறை) வேர்டோ (இரண்டு பைட்) சிறிய பைட்டை முதலில் எதிர்பார்க்கும். அதனால் டிரைவர் படித்ததும் இரண்டையும் இடம் மாற்றும். ஆகவே ரிஜிஸ்டர் 0-இல் வேர்டாக இட வேண்டியது ஹெக்ஸ் 8022. பிறகு அந்த பஸ்ஸின் நியூ-டிவைஸ் கோப்பில் 'எல்எம்75' என்ற பெயரையும் முகவரியையும் எழுதினால் டெம்ப்1-இன்புட் கோப்பு 34500 என்று காட்டும், மில்லி டிகிரி கணக்கு. 2280 என்று நேராக இட்டால் -128000 வரும். பூஜ்யத்துக்குக் கீழே 128 டிகிரியைப் பார்த்துவிட்டு டிரைவரில் பிழை என்று அலைவார்கள். சரியான விடையை மட்டுமல்ல, இந்தத் தவறான விடையையும் காரணத்தோடு ஆவணத்தில் போடுங்கள். பாதிக் கேள்வி அதிலேயே அடங்கும்.

பால்மரம்

கிராணி சொன்னதோடு வரிசையையும் அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லை ரிஜிஸ்டர்கள் 2, 3 இரண்டையும் டிரைவர் ஏறுவதற்கு முன்பே நிரப்ப வேண்டும். டிரைவர் அவற்றை ஒருமுறை படித்ததும் ரெக்மேப் கேஷில் (கெர்னல் தன்னிடம் வைக்கும் ரிஜிஸ்டர் நகலில்) வைத்துக்கொள்ளும், பிறகு நீங்கள் என்ன மாற்றினாலும் கண்டுகொள்ளாது. வெப்பநிலை ரிஜிஸ்டர் அப்படியில்லை, ஒவ்வொரு முறையும் சிப்பிடமிருந்தே வரும். ஆனால் டிரைவர் பிடித்துக்கொண்டிருக்கும்போது ஐ2சி-செட் 'பிஸி' என்று மறுக்கும், 'எஃப்' தெரிவு சேர்த்தால்தான் எழுதும். பஸ்ஸை வருடிப் பார்க்கும்போது 48 இருந்த கட்டத்தில் யூயூ என்று தெரிந்தால் டிரைவர் பிடித்துவிட்டது என்று பொருள்.

சொந்தமாகக் கெர்னல் கட்டுபவர்களுக்கு ஒரு வரி: ஸ்டப்பை மாட்யூலாக மட்டுமே தேர்ந்தெடுக்க முடியும், உள்ளிணைக்க வழியில்லை. மெனுவில் காணவில்லை என்றால் மாட்யூல் வசதியே அணைந்திருக்கும்.

டிரைவர் ஏதோ ஒரு பிட் மாறும் என்று காத்துக்கொண்டே இருந்தால் ஸ்டப் தானாக மாற்றாது. ஐ2சி-செட்டால் நாமே மாற்றி விடுவிக்க வேண்டும். இது ஏற்கெனவே ஆவணத்தில் உண்டு, ஆனால் கடைசியில் கிடக்கிறது. மேலே கொண்டுவாருங்கள்.

தகரக்கூரை

அனுப்பும் விஷயம். கோப்பு ஆர்எஸ்டி வடிவம், அதாவது குறிகளோடு எழுதும் வெற்று உரை. கட்டளைத் துண்டுக்கு முன் இரட்டை முக்காற்புள்ளி, ஒரு வெற்று வரி, பிறகு உள்தள்ளல். அந்த வெற்று வரி போனால் கட்டளை பத்தியோடு ஒட்டிக்கொள்ளும். எச்டிஎம்எல் ஆக்கிப் பார்க்க முழு ஆவணத்தையும் ஓட்டாதீர்கள், பழைய லேப்டாப் திணறிவிடும். மேக் கட்டளையின் ஸ்பிங்ஸ்டிர்ஸ் மாறியில் ஐ2சி என்று கொடுத்தால் அந்த அடைவு மட்டும் உருவாகும். அப்புறம் பேட்ச் (மாற்றங்களின் கோப்பு) சரியா என்று பார்க்க செக்பேட்ச், யாருக்கு அனுப்புவது என்று கெட்-மெயின்டெய்னர், கடைசியாக கிட் சென்ட்-இமெயில். பிரவுசரில் ஒட்டி அனுப்பினால் டேப் எல்லாம் இடைவெளியாகிப் பேட்ச் கெட்டுவிடும். ஒரு பேட்சுக்கு ஒரு மாற்றம்தான்: இடம் மாற்றுவது தனி, எடுத்துக்காட்டு சேர்ப்பது தனி.

தமிழை இப்போதைக்கு வெளியிலேயே வையுங்கள். கெர்னலில் சீனம், ஜப்பான், கொரிய, இத்தாலிய மொழிபெயர்ப்புகள் இருக்கின்றன, ஆனால் மூலம் மாறும்போதெல்லாம் கூடவே மாற்ற ஆள் வேண்டும். வகுப்புக் குறிப்பாக இருந்தால் அந்தச் சுமை இல்லை.

செம்பனைக்காரன்

நன்றி. முதல் பேட்சாக மிகச் சிறியது எதை எடுக்கலாம்?

ஹெக்ஸ் கிராணி

ஃபங்ஷனாலிட்டி அளவுரு, ஸ்டப் எந்தக் கட்டளைகளை ஏற்கும் என்று சொல்வது. எஸ்எம்பஸ் பிளாக் (பல பைட் ஒன்றாகப் போகும்) கட்டளைகள் வேண்டுமென்றால் ஹெக்ஸ் 03000000 பிட்களை ஏற்றச் சொல்கிறது ஆவணம். அதை மட்டும் அப்படியே கொடுத்தால் பிளாக் வரும், பைட்டும் வேர்டும் போய்விடும், ஏனென்றால் கொடுக்கும் மதிப்பு இயல்பு மதிப்போடு சேராது, அதை அப்படியே மாற்றிவிடும். எல்எம்75 டிரைவர் உடனே ஏற மறுக்கும். இயல்பு மதிப்பு ஹெக்ஸ் 0சி7எஃப்0000. பிளாக்கையும் சேர்த்தால் 0எஃப்7எஃப்0000. அந்த முழு எண்ணை எழுதி, பழையதோடு கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வாக்கியம் சேருங்கள். இரண்டே வரி.